பாக்டீரியாப் புரதத்தில் ஏறும் சர்க்கரை: மரக்காணம் உப்பளத்திலிருந்து குடல் வரை

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள் வரும். கோடையில் பாத்தி நீர் சுண்டி உப்பு படியும் கட்டத்தில் சில பாத்திகளின் தண்ணீர் ரோஜா நிறத்துக்கு மாறும். அடர்ந்த உப்புநீரில் பெருகும் நுண்ணுயிர்களின் நிறம் அது. அவற்றில் ஹாலோபாக்டீரியம் முக்கியமானது. பெயரில் பாக்டீரியம் இருந்தாலும் அது ஆர்க்கியா என்ற தனிக் கிளையைச் சேர்ந்தது. 1976-இல் மெஷர், ஸ்ட்ரோமிங்கர் என்ற இருவர் இந்த உயிரின் மேலுறைப் புரதத்தை ஆராய்ந்து, அதில் சர்க்கரைச் சங்கிலிகள் வேதிப்பிணைப்பால் பிணைந்திருப்பதைக் காட்டினார்கள். அதே ஆண்டு ஸ்லைட்டர், தோர்ன் என்ற வேறு இருவர் கிளாஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியாவின் உறையிலும் இதையே கண்டார்கள். புரதத்தில் சர்க்கரை ஏற்றும் வேலை, உட்கரு உள்ள உயிரணுக்களுக்கு மட்டுமே கைவந்தது என்று அதுவரை பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த உப்புநீரில் தொடங்கிய கதை இன்று நம் குடலுக்குள் வந்து நிற்கிறது. நன்மை செய்யும் குடல் பாக்டீரியாக்கள் தங்கள் புரதங்களில் சர்க்கரை ஏற்றுகின்றன. இதற்குப் பெயர் கிளைகோசைலேஷன். அது அலங்காரம் இல்லை. சிலவற்றுக்கு அது இல்லாவிட்டால் குடலில் இடமே கிடையாது. எந்தச் சர்க்கரை, எத்தனை, எந்த இடத்தில் என்பது ஒரே இனத்துக்குள்ளேயே ரகத்துக்கு ரகம் மாறுகிறது. இந்தக் கடைசிச் செய்திதான் மருந்துக் கடையில் புரோபயாட்டிக் என்ற நல்ல பாக்டீரியாப் பாக்கெட் வாங்குபவர் வரைக்கும் போய்ச் சேர வேண்டியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடலூரிலோ புதுச்சேரியிலோ 'மூன்று மாதச் சர்க்கரை' பரிசோதனை எடுத்தவர்கள், அறிக்கைத் தாளில் 'கிளைகோசைலேட்டட் ஹீமோகுளோபின்' என்று அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். அது பழைய பெயர், பொருத்தமில்லாத பெயரும்கூட. அங்கே ரத்தத்தில் அதிகமாகச் சுற்றும் குளுக்கோஸ், எந்த நொதியின் உதவியும் இல்லாமல், தானாகவே ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குச் சரியான பெயர் கிளைகேஷன். நாம் இங்கே பேசும் கிளைகோசைலேஷன் வேறு. இதில் குறிப்பிட்ட நொதி, குறிப்பிட்ட சர்க்கரையை, குறிப்பிட்ட அமினோ அமிலத்தில் பிணைக்கிறது. முன்னது தோட்டத்துச் சுவரில் படரும் பாசி என்றால், பின்னது கொத்தனார் அளந்து பதிக்கும் ஓடு.

சர்க்கரை பிணையும் இடத்தை வைத்து இதைப் பிரிப்பார்கள். அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தின் நைட்ரஜனில் பிணைந்தால் என்-வகை. செரின் அல்லது திரியோனினின் ஆக்சிஜனில் பிணைந்தால் ஓ-வகை. அபூர்வமாக சிஸ்டீனின் கந்தகத்திலும் பிணையும். குடலின் நல்ல பாக்டீரியாக்களில் இதுவரை நன்றாக அறியப்பட்டவை பெரும்பாலும் ஓ-வகை. என்-வகைக்குப் பேர்போன பாக்டீரியா கேம்பிலோபாக்டர் ஜெஜுனை. கோழியின் குடலில் பெரிய தொந்தரவில்லாமல் குடியிருக்கும். சரியாக வேகாத கோழிக்கறி வழியாக மனிதருக்கு வந்தால் வயிற்றுப்போக்கு. அதன் சர்க்கரை ஏற்றும் மரபணுத் தொகுப்பை 2002-இல் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு மாற்றி, அங்கேயும் வேலை செய்ய வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தத் துறை சூடுபிடித்தது.

பாக்டீராய்டெஸ்: விருந்தாளி வீட்டுச் சர்க்கரையை எடுத்து உடுத்துகிறது

மனிதப் பெருங்குடலில் பெருங்கூட்டமாக வாழ்பவை பாக்டீராய்டெஸ் இனங்கள். அவற்றில் பாக்டீராய்டெஸ் ஃப்ராஜிலிஸ் பற்றி ஆய்வாளர் லாரி காம்ஸ்டாக்கின் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வு, எங்கள் பார்வையில் இந்தத் துறையின் முதுகெலும்பு. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில புரதங்களில் மட்டும் சர்க்கரை ஏறுவதில்லை, உயிரணுச் சவ்வைத் தாண்டி வெளியே போகும் ஏராளமான புரதங்களுக்கு ஒரே பொது ஏற்பாடு இருக்கிறது என்று அது காட்டியது. சர்க்கரை ஏறும் இடத்துக்கு மூன்றெழுத்து அடையாளமும் கிடைத்தது. முதலில் அஸ்பார்டிக் அமிலம்; அடுத்து செரின் அல்லது திரியோனின்; மூன்றாவதாக மெத்தில் தொகுதி உள்ள ஒன்று, அதாவது அலனின், வேலின், லூசின், ஐசோலூசின், மெத்தியோனின், திரியோனின் ஆகியவற்றில் ஏதாவது. நடுவில் இருக்கும் செரின் அல்லது திரியோனினில்தான் சர்க்கரை ஏறும். முதலிலுள்ள அஸ்பார்டிக் அமிலத்தை மாற்றிவிட்டால் ஏறாது.

வேலை நடக்கும் முறை இது. உள்சவ்வின் உட்பக்கத்தில் 55 கார்பன் நீளமுள்ள ஒரு கொழுப்புத் தாங்கியின் மேல், ஒவ்வொரு சர்க்கரையாக வைத்துச் சங்கிலி கட்டப்படுகிறது. கட்டி முடித்ததும், புரட்டிப் போடும் ஒரு புரதம் அதைச் சவ்வின் மறுபக்கத்துக்குத் திருப்புகிறது. அங்கே, வெளியே வந்து மடிந்துகொண்டிருக்கும் புரதத்தின் மேல் சங்கிலி மொத்தமாக இறக்கி வைக்கப்படுகிறது. கூரை ஓட்டைத் தரையிலேயே அடுக்கிக் கட்டி, ஒரே தூக்கில் மேலே ஏற்றுவது போல.

இந்தச் சங்கிலியில் ஃப்யூகோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் எங்களைத் திரும்பத் திரும்ப வியக்க வைப்பது. குடற்சுவரை மூடியிருக்கும் சளியின் புரதமான மியூசினின் எடையில் பெரும்பகுதி சர்க்கரைதான். அதன் கிளைகளின் நுனிகளில் ஃப்யூகோஸ் தொங்கும். பாக்டீராய்டெஸ் அதை வெட்டி எடுத்து, எஃப்.கே.பி. என்ற நொதியால் பதப்படுத்தி, தன் மேற்பரப்பில் அணிந்துகொள்கிறது. 2005-இல் இதே குழு இதை வெளிப்படுத்தியபோது, ஃப்யூகோஸை அணிய முடியாதபடி மரபணுவை நீக்கிய பாக்டீரியா, இயல்பான பாக்டீரியாவோடு சேர்த்து எலிக் குடலில் விடப்பட்டால் போட்டியில் தோற்றுப்போவதும் தெரிந்தது. 2009-இல் புரதங்களுக்கான சர்க்கரைத் தொகுப்பையே நீக்கிப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கும் ஊட்டக் குழம்பிலேயே வளர்ச்சி தளர்ந்தது. எலிக் குடலில் இயல்பான பாக்டீரியாவோடு போட்டியிட்டு இடம் பிடிக்க முடியவில்லை.

லாக்டோபாசில்லஸ் குடும்பம்: சர்க்கரை ஒரு பிரேக்

மோர், புளித்த மாவு, ஊறுகாய், கூழ் என்று நமக்கு நெருக்கமான பக்கம் இது. லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் பெயருக்கேற்பத் தாவரப் பொருள்கள் புளிக்கும் இடங்களிலெல்லாம் வாழும். மனித எச்சில், குடல் ஆகியவற்றிலிருந்தும் பிரித்திருக்கிறார்கள். அதன் டபிள்யூ.சி.எஃப்.எஸ்.1 என்ற ரகத்தின் மரபணுத் தொடர் 2003-இல் முழுதும் வாசிக்கப்பட்டது. அதனால் நுணுக்கமான ஆய்வுகள் பெரும்பாலும் அந்த ரகத்தில்தான் நடக்கின்றன.

இந்தப் பாக்டீரியாவுக்கு ஏசிஎம்2 என்றொரு நொதி உண்டு. உயிரணு இரண்டாகப் பிரியும்போது நடுவில் இருக்கும் செல் சுவரை வெட்டிப் பிரித்துவிடுவது அதன் வேலை. அது இல்லாவிட்டால் பாக்டீரியாக்கள் பிரியாமல் நீளச் சங்கிலியாகத் தொங்கும். அளவுக்கு மீறி வேலை செய்தாலோ தன் சுவரைத் தானே அரித்துச் சாக வேண்டியதுதான். இந்தக் கத்திக்கு உறை வேண்டும். அலனின், செரின், திரியோனின் நிறைந்த ஒரு பகுதி ஏசிஎம்2-இன் முனையில் இருக்கிறது. அந்தப் பகுதியில் என்-அசிட்டைல்குளுக்கோசமைன் என்ற சர்க்கரை ஒவ்வொன்றாகப் பல இடங்களில் ஏறியிருப்பதை 2012-இல் கண்டார்கள். அடுத்த ஆண்டே, அந்தச் சர்க்கரை நொதியின் வேகத்தைக் குறைக்கிறது என்றும் தெரிந்தது. சர்க்கரை ஏறாத வடிவம் சுவரை வேகமாக வெட்டியது.

பாக்டீராய்டெஸ் போல இங்கே சங்கிலி கட்டிப் புரட்டும் வேலை இல்லை. ஜிடிஎஃப்-ஏ, ஜிடிஎஃப்-பி என்ற இரு புரதங்கள் உயிரணுவுக்கு உள்ளேயே சர்க்கரையை நேரடியாகப் புரதத்தில் வைக்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். ஒன்றை நீக்கினாலும் நின்றுவிடும்.

லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ் ஜி.ஜி. ரகத்தில் நிலைமை வேறு. அது வெளியே சுரக்கும் எம்எஸ்பி1 என்ற புரதத்துக்கு இரண்டு முகம். சுவரை வெட்டும் நொதியும் அதுதான், குடல் மேலணுக்களில் ஏகேடி என்ற சமிக்ஞைப் பாதையைத் தூண்டி அவற்றை அழிவிலிருந்து காப்பதும் அதுதான். இதிலும் ஓ-வகைச் சர்க்கரை உண்டு என்று 2012-இல் தெரிந்தது. ஆனால் இங்கே சர்க்கரை பிரேக்காக இல்லை. அது இல்லாவிட்டாலும் வெட்டும் வேலை நடக்கிறது. சர்க்கரை இருந்தால் புரதத்தை அரிக்கும் நொதிகளை அது அதிகம் தாங்குகிறது. செரிமான நொதிகள் நிறைந்த குடலில் இந்தத் தாங்கும் சக்தி சின்ன விஷயமில்லை.

லாக்டோபாசில்லஸ் ரியூட்டரை இனத்தைப் பார்த்தால் ரக வேறுபாடு பளிச்சென்று தெரியும். அதன் சில ரகங்கள் செரின் நிறைந்த, நீளமான ஒட்டுப் புரதம் ஒன்றை மேற்பரப்பில் வைத்திருக்கின்றன. பன்றியிலிருந்து எடுத்த 53608 என்ற ரகத்தில் அந்தப் புரதத்தின் மேல் ஏறுவது இரண்டு என்-அசிட்டைல்குளுக்கோசமைன். எலியிலிருந்து எடுத்த 100-23 ரகத்தில் அடியில் ஒரு என்-அசிட்டைல்குளுக்கோசமைன், அதன் மேல் குளுக்கோஸ், அதற்கும் மேல் இன்னொரு ஆறு கார்பன் சர்க்கரை. இனத்தின் பெயர் ஒன்று, உடுத்தும் சட்டை வேறு. இந்தப் புரதமே பெரும்பாலும் பன்றி, எலி வகை விலங்குகளின் ரகங்களில்தான் இருக்கிறது. பன்றி ரகத்தில் கண்டதை மனித ரகத்தின் விளம்பரத்தில் எழுதுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கந்தகத்தில் சர்க்கரை ஏறும் அபூர்வ வகைக்கும் பிளான்டாரத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் மக்காச்சோளத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்துச் சாப்பிடுவார்கள். நம் பழைய சோற்றுக்கும் கூழுக்கும் தூரத்து உறவு. அதிலிருந்து எடுத்த கே.டபிள்யூ.30 ரகம் கிளைகோசின் எஃப் என்ற 43 அமினோ அமிலச் சிறு புரதத்தைச் சுரக்கிறது. 18-ஆவது இடத்துச் செரினில் ஒரு சர்க்கரை, கடைசியில் உள்ள 43-ஆவது சிஸ்டீனில் இன்னொன்று. போட்டிப் பாக்டீரியாக்களின் வளர்ச்சியை அது சட்டென்று நிறுத்திவிடும். செரினில் உள்ள சர்க்கரையை நொதியால் கழற்றிவிட்டால் அந்தச் சக்தி போய்விடுகிறது. இங்கே சர்க்கரைதான் ஆயுதத்தின் முனை.

ஆய்வகத்தில் பார்ப்பது எப்படி, எங்கே வழுக்கும்

இந்த வட்டாரக் கல்லூரிகளில் முதுநிலை உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் படிப்பவர்கள் ஆய்வேட்டுக்கு இதை எடுத்தால், பெரும்பாலும் வழுக்கி விழுவது முதல் படியிலேயே. லாக்டோபாசில்லஸ் வளர்க்க எல்லோரும் எம்.ஆர்.எஸ். குழம்பைத்தான் எடுப்பார்கள். லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ், 10 கிராம் பெப்டோன், அதோடு மாட்டிறைச்சிச் சாறு, 4 முதல் 5 கிராம் ஈஸ்ட் சாறு. அந்த ஈஸ்ட் சாற்றில் மேனோஸ் சர்க்கரை நிறைந்த ஈஸ்ட் புரதங்கள் இருக்கும். குழம்பில் சுரந்த புரதத்தை வீழ்படிவாக்கி, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, மேனோஸைப் பிடிக்கும் லெக்டின் என்ற புரதத்தால் பார்த்தால் அழகான பட்டை தெரியும். பாக்டீரியா போடாத வெறும் குழம்பையும் அதே மாதிரி வீழ்படிவாக்கிப் பக்கத்துக் குழியில் ஓட்டினால் அங்கேயும் அதே பட்டை தெரியும். வெறும் குழம்பை ஓட்டாத ஆய்வேட்டை நம்ப வேண்டாம் என்றே சொல்வோம்.

ஜெல்லில் சர்க்கரையைக் காட்டும் எளிய முறை பீரியாடிக் அமிலம்–ஷிஃப் சாயம். ஜெல்லை 50 விழுக்காடு மெத்தனாலில் அரை மணி நேரம் நிலைப்படுத்த வேண்டும். 3 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் கழுவி, அதே அமிலத்தில் கரைத்த 1 விழுக்காடு பீரியாடிக் அமிலத்தில் 15 நிமிடம். மீண்டும் மூன்று முறை கழுவல். இருட்டில் ஷிஃப் கரைசலில் 15 நிமிடம். கடைசியாக சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் 5 நிமிடம். பட்டை செவ்வூதாவாக எழும். ஒரு குழியில் குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸ், இன்னொன்றில் சோயா ட்ரிப்சின் தடுப்பான் ஓட்டுவது கட்டாயம். முன்னதில் சர்க்கரை உண்டு, பின்னதில் இல்லை. பின்னதும் சிவந்தால் பீரியாடிக் அமிலம் சரியாகக் கழுவப்படவில்லை என்று அர்த்தம். ஷிஃப் கரைசலை மே மாத வெயிலில் மேசையில் திறந்து வைத்தால் கந்தக டை ஆக்சைடு வெளியேறி அதுவே இளஞ்சிவப்பாகிவிடும். நிறமில்லாமலோ மங்கிய மஞ்சளாகவோ இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

இந்தச் சாயம் எந்தச் சர்க்கரை என்று சொல்லாது. ஏசிஎம்2-இல் உள்ளதுபோல் ஒற்றைச் சர்க்கரைகள் என்றால் பட்டை மங்கலாகவும் இருக்கும். அங்கே லெக்டின்கள் கைகொடுக்கின்றன. லெக்டின் என்பது சர்க்கரையை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதம். மேனோஸையும் குளுக்கோஸையும் பிடிக்கும் கான்கனாவலின்-ஏ, நம் ஊர்த் தம்பட்டங்காயின் நெருங்கிய உறவான ஓர் அவரையிலிருந்து வருகிறது. 1919-இல் ஜேம்ஸ் சம்னர் அதைப் படிகமாகப் பிரித்தார். என்-அசிட்டைல்குளுக்கோசமைனுக்கு கோதுமை முளை லெக்டின். பண்ருட்டிக்காரர்கள் சுட்டும் குழம்பில் போட்டும் சாப்பிடும் பலாக்கொட்டையிலும் ஜாக்கலின் என்ற லெக்டின் உண்டு. குடலின் சளியோடு கலந்திருக்கும் நோயெதிர்ப்புப் புரதமான ஐ.ஜி.ஏ.-வின் முதல் வகையை அதன் சர்க்கரையைப் பிடித்தே தனியே பிரிக்க, உலகமெங்கும் ஆய்வகங்கள் ஜாக்கலினைப் பயன்படுத்துகின்றன.

லெக்டின் சோதனையில் நடக்கும் தவறுகளுக்குக் காரணம் பெரும்பாலும் பழக்கதோஷம். ஆன்டிபாடி சோதனைக்குச் செய்வதுபோல் ஜெல்லிலிருந்து புரதங்களை மாற்றிய சவ்வைப் பால்பவுடர் கரைசலால் மூடுவார்கள். பாலின் புரதங்களிலேயே சர்க்கரை இருப்பதால் லெக்டின் முழுச் சவ்விலும் ஒட்டும். சோப்பு போன்ற ட்வீன்-20 மட்டும் போதும். கான்கனாவலின்-ஏ வேலை செய்யக் கால்சியமும் மாங்கனீசும் வேண்டும். கரைசலில் இ.டி.டி.ஏ. இருந்தால் அது இரண்டையும் பிடுங்கிக்கொள்ளும். பாஸ்பேட் கரைசலில் கால்சியம் வீழ்படிவாகும். ட்ரிஸ் கரைசலில், இரண்டையும் 1 மில்லிமோலார் அளவில் சேர்த்துச் செய்யுங்கள். கோதுமை முளை லெக்டினுக்கு வேறு சிக்கல். பாக்டீரியாவின் செல் சுவரே என்-அசிட்டைல்குளுக்கோசமைனால் கட்டப்பட்டது. சுவரின் துணுக்குகள் மாதிரியில் கலந்திருந்தால் குழி முழுக்க மை தீட்டியதுபோல் வரும். கூடவே, லெக்டினோடு அதற்குரிய தனிச் சர்க்கரையை அதிகமாகக் கலந்து இன்னொரு சவ்வில் ஓட்டிப் பார்க்க வேண்டும். உண்மையான பிடிப்பு என்றால் அங்கே பட்டை மறையும்.

சர்க்கரையை வெட்டும் பி.என்.கேஸ்-எஃப் நொதியைப் போட்டேன், புரதத்தின் எடை மாறவில்லை, ஆகவே சர்க்கரை இல்லை என்று முடிவெழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. அந்த நொதி என்-வகைக்கு மட்டுமே. அதிலும் அடியில் என்-அசிட்டைல்குளுக்கோசமைன் இருந்தால்தான் வெட்டும். கேம்பிலோபாக்டரின் சங்கிலி அடியில் வேறு சர்க்கரையோடு தொடங்குவதால் அதைத் தொடாது. ஓ-வகைக்கு எல்லாவற்றையும் வெட்டும் ஒரே நொதி கிடையாது.

மூலக்கூறின் எடையை அளக்கும் நிறைநிறமாலையில் உறுதிசெய்யும்போது எண்கள் பேசும். ஒரு ஹெக்ஸோஸ் ஏறினால் 162.05 டால்டன், ஃப்யூகோஸ் 146.06, என்-அசிட்டைல் ஹெக்ஸோசமைன் 203.08. மோதலால் உடைக்கும் முறையில் சர்க்கரை முதலில் கழன்று, 204.09 என்ற அடையாளக் கூர்முனையைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். சர்க்கரை இருந்தது தெரியும், எந்தச் செரினில் இருந்தது என்பது தெரியாது. இடத்தை அறிய எலக்ட்ரான் மாற்றத்தால் உடைக்கும் முறை வேண்டும். அது புரத முதுகெலும்பை உடைத்து, சர்க்கரையை அதன் இடத்திலேயே விட்டுவைக்கும். 203.08 என்ற எண் குளுக்கோசமைன் வகைக்கும் கேலக்டோசமைன் வகைக்கும் ஒன்றுதான். இரண்டையும் எடையால் பிரிக்க முடியாது.

இத்தனைக்கும் மேலே, சர்க்கரை ஏற்றும் மரபணுவை நீக்கி, பட்டை கீழிறங்குவதையும் லெக்டின் பிடிப்பு மறைவதையும் காட்டி, மரபணுவைத் திரும்பச் சேர்த்ததும் இரண்டும் மீள்வதைக் காட்டினால்தான் வழக்கு முடியும்.

கடைத்தெருவில்

நீராகாரத்திலும் மோரிலும் பாக்டீரியா உயிரோடு வரும். இட்லி மாவில் இருப்பவை ஆவியில் வெந்துபோகும். ஆனால் வீட்டு உறைமோரில் எந்த ரகம் இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும். பசியாற, உடல் குளிர அது நல்ல உணவு. மேலே சொன்ன ஆய்வுகளின் பலனை அதன் மேல் ஏற்றிச் சொல்லக்கூடாது. நெல் என்றால் பொன்னியும் உண்டு, சீரகச் சம்பாவும் உண்டு. பாக்டீரியாவிலும் அப்படித்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-இல் வெளியிட்ட புரோபயாட்டிக் வழிகாட்டுதல், பேரினம், இனம், ரகம் மூன்றையும் அடையாளம் காணச் சொல்கிறது. பாக்கெட்டில் 'லாக்டோபாசில்லஸ்' என்ற சொல்லும் கோடிக்கணக்கு எண்ணும் மட்டும் இருந்தால், உள்ளே இருப்பது எந்தச் சட்டை போட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. 2020-இல் லாக்டோபாசில்லஸ் என்ற பெரிய பேரினத்தையே பிரித்துப் பெயர் மாற்றிவிட்டார்கள். பிளான்டாரம் இப்போது லாக்டிபிளான்டிபாசில்லஸ், ராம்னோசஸ் லாக்டிகேசிபாசில்லஸ், ரியூட்டரை லிமோசிலாக்டோபாசில்லஸ். ஒரே அலமாரியில் பழைய பெயரோடு ஒரு டப்பாவும் புதுப் பெயரோடு ஒரு டப்பாவும் இருந்தால் குழம்ப வேண்டாம். பெயருக்குப் பின்னால் இருக்கும் ரக எண்ணைப் பாருங்கள். ஜி.ஜி. ரகம் என்றால், ஏ.டி.சி.சி. என்ற அமெரிக்க நுண்ணுயிர்ச் சேகரிப்பகத்தின் எண் 53103. பெயர் எத்தனை முறை மாறினாலும் அந்த எண் அதுவேதான்.